வாசகர் கேள்வி–பதில்: நூறு புள்ளிகளும் எட்டு நிமிடங்களும்

அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கம், அதாவது என்.பி.ஏ., நடத்திய 1961–62ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே நான்கு வரி எழுதியிருந்தேன். வில்ட் சேம்பர்லெயின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்ததும், அந்தப் பருவம் முழுவதற்குமான அவருடைய சராசரி 50.4 என்பதும் அவ்வரிகளில் இருந்தன. அவற்றுக்கு வந்த கடிதங்கள் இந்த இதழின் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஆட்டத்துக்கு 50.4 என்பது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். பிழையில்லை என்றால், அது எப்படிச் சாத்தியமாயிற்று?

அச்சுப்பிழை இல்லை. பிலடெல்பியா வாரியர்ஸ் அணியின் சென்டரான, அதாவது கூடைக்கு அருகே நின்று ஆடும் ஆட்டக்காரரான சேம்பர்லெயின் 80 ஆட்டங்களில் 4,029 புள்ளிகள் எடுத்தார். களத்திலிருந்து 3,159 முறை எறிந்து 1,597 முறை கூடையில் போட்டார். எதிரணியின் ஃபவுலுக்கு, அதாவது விதிமீறலுக்கு ஈடாக யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் 1,363க்கு 835. அக்காலத்தில் களக்கூடை ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளிகள், ஃப்ரீ த்ரோவுக்கு ஒன்று என்பதால் நீங்களே பெருக்கிக் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கணக்கு ஒன்றுகூடப் பிசகாது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், அக்காலத்து ஆட்டம் மிக வேகமானது என்பதாகும். சிராகியூஸ் நேஷனல்ஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோனின் முயற்சியால் 1954இல், பந்து கிடைத்த அணி 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்னும் 24 விநாடிக் கடிகாரம் நடைமுறைக்கு வந்தபின், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தும் வித்தை ஒழிந்து, அணிகள் ஓடுவதையே உத்தியாகக் கொண்டன. 1961–62இல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 107.7 முறை கூடையை நோக்கி எறிந்தது. இன்றைய எண்ணிக்கை 90ஐ ஒட்டியது.

இந்த விளக்கத்தில் பாதிதான் உண்மை என்பது என் கருத்து. அன்று நூறு எறிகளில் 43க்கும் குறைவாகவே கூடையில் விழுந்தன. ஆகவே ஓர் அணியின் சராசரி 118.8 புள்ளிகளாகவே நின்றது. இன்றைய அணிகள் குறைவாக எறிந்தாலும், துல்லியம் கூடியிருப்பதாலும் தொலைவிலிருந்து போடும் கூடைக்கு மூன்று புள்ளி தரும் எறி இருப்பதாலும் ஏறத்தாழ அதே அளவுக்கு வந்துவிடுகின்றன. வேகம் பெரிதாக்கிக் காட்டியது ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதன் எண்ணிக்கையைத்தான். விழாமல் திரும்பிய பந்துகள் அவ்வளவு மிகுதி என்பதால் ஓர் அணி ஆட்டத்துக்கு 71 ரீபவுண்ட் எடுத்தது. எனவே சேம்பர்லெயினின் 25.7 ரீபவுண்டுகளைக் கணிசமாகத் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். அவருடைய புள்ளிகளுக்கு அவ்வளவு தள்ளுபடி தேவையில்லை.

அப்படியானால் 50 எங்கிருந்து வந்தது? இரண்டு இடங்களிலிருந்து வந்தது. அவர் ஆட்டத்துக்கு 39 முறைக்குமேல் எறிந்தார் என்பது ஒன்று. களத்தைவிட்டு வெளியேறவே இல்லை என்பது மற்றொன்று. அந்த ஆண்டுதான் வட கரோலினாப் பல்கலைக்கழகத்திலிருந்து வாரியர்ஸின் பயிற்சியாளராக வந்த ஃபிராங்க் மெக்குவயர், பந்து சேம்பர்லெயினிடமே போக வேண்டும், அவர் ஆட்டம் முழுவதும் களத்திலேயே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஓர் ஆட்டம் 48 நிமிடம். அவருடைய சராசரி 48.5 நிமிடம். இந்த எண்ணுக்குக் கடைசிக் கேள்வியில் திரும்ப வருகிறேன்.

கேள்வி: நூறு புள்ளி ஆட்டத்தின் காணொளி எங்குமே கிடைக்கவில்லையே? அந்த ஆட்டம் உண்மையிலேயே நடந்ததுதானா?

நடந்தது. 1962ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தில் சாக்லேட் தொழிலுக்குப் பெயர்போன ஹெர்ஷி என்னும் சிற்றூரின் உள்ளரங்கத்தில் அது நடந்தது. பிலடெல்பியாவுக்கு வெளியேயும் ரசிகர்களைத் திரட்டுவதற்காக வாரியர்ஸ் அணி தன் உள்ளூர் ஆட்டங்களில் சிலவற்றை அங்கே நடத்திவந்தது. எதிரணியான நியூயார்க் நிக்ஸ், கிழக்குப் பிரிவின் கடைசி இடத்தில் இருந்தது. பருவமும் முடியும் தறுவாயில் இருந்தது. இப்படிப்பட்ட ஓர் ஆட்டத்துக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் வராததில் வியப்பு எதுவும் இல்லை. வந்திருந்த பார்வையாளர்களே 4,124 பேர்தாம்.

ஆயினும் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. அதிகாரப்பூர்வ ஆட்டக்குறிப்பு இருக்கிறது. பில் காம்பெல் வழங்கிய வானொலி வர்ணனையின் ஒலிப்பதிவும் கிடைத்திருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறையில், வாரியர்ஸின் புள்ளிவிவரங்களையும் செய்தித் தொடர்பையும் கவனித்துவந்த ஹார்வி போலக் ஒரு தாளை எடுத்து அதில் 100 என்று கையால் எழுதி சேம்பர்லெயினிடம் கொடுத்தார். அதைப் பிடித்தபடி அவர் அமர்ந்திருக்கும் படத்தைத்தான் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தை எடுத்தவர், அன்று வேலையாக அல்லாமல் தம் மகனை அழைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்திருந்த ஒரு செய்தி நிறுவனப் புகைப்படக்காரர் என்பது என்னை எப்போதும் கவர்ந்த செய்தி.

ஆட்டம் எப்படிப் போயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் கால்பகுதியில் 23, இரண்டாவதில் 18, மூன்றாவதில் 28, கடைசியில் 31. நிக்ஸின் முதன்மை சென்டர் ஃபில் ஜோர்டன் உடல்நலக் குறைவால் ஆடவில்லை; அவரிடத்தில் இறங்கிய டாரல் இம்ஹாஃப் 20 நிமிடம் ஆடுவதற்குள் ஆறு ஃபவுல் செய்து வெளியேறினார். சேம்பர்லெயின் 63 எறிகளில் 36ஐக் கூடையில் போட்டார். அதைவிட வியப்பானது ஃப்ரீ த்ரோக்கள்தாம்: அந்த ஒரு கலையில் வாழ்நாள் முழுவதும் தடுமாறிய அவர், அன்று 32க்கு 28 போட்டார். அந்தப் பருவத்தில் அவர் பந்தை இரு கைகளாலும் தாழப் பிடித்துக் கீழிருந்து மேலாக வீசினார். பலன் தந்த அந்த முறையைப் பிற்பாடு கைவிட்டார். அழகாகத் தெரியாது என்பதற்காக ஒருவர் நல்ல வழியை விட்டுவிடுவது கூடைப்பந்தில் மட்டுமா நடக்கிறது!

கேள்வி: அன்றைய கடைசிக் கால்பகுதி கேலிக்கூத்து என்று ஒரு கட்டுரையில் படித்தேன். தாங்கள் ஏற்கிறீர்களா?

ஓரளவுக்கு ஏற்கிறேன். நூறு நெருங்க நெருங்க, நிக்ஸ் வீரர்கள் பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினார்கள். சேம்பர்லெயினுக்குப் பந்து போகாதிருக்க மற்ற வாரியர்ஸ் வீரர்கள்மீது வேண்டுமென்றே ஃபவுல் செய்தார்கள். பந்தை விரைவில் திரும்பப் பெறுவதற்காக வாரியர்ஸும் அதே வேலையைச் செய்தது. வெற்றி தோல்வி எப்போதோ தீர்மானமாகிவிட்ட ஓர் ஆட்டத்தில் இரண்டு அணிகளும் ஓர் எண்ணுக்காக மோதிக்கொண்டன என்பதை மறுப்பதற்கில்லை. 46 விநாடி எஞ்சியிருந்தபோது ஜோ ரக்லிக் கொடுத்த பந்தைக் கூடையில் போட்டு சேம்பர்லெயின் நூறை எட்டினார். இறுதிக் கணக்கு 169–147.

ஆனால் மூன்று கால்பகுதிகள் முடிந்தபோதே அவர் 69 புள்ளிகளில் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு யாரும் உதவவில்லை. மேலும், 1961 டிசம்பர் 8ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு எதிராக, மூன்று முறை கூடுதல் நேரம் தரப்பட்டு முடிந்த ஆட்டத்தில் அவர் 78 புள்ளிகள் எடுத்திருந்தார். அது கடைசி நொடிவரை கடுமையான போட்டி. வாரியர்ஸ் 151–147 என்று தோற்றது. எதிரணியின் எல்ஜின் பெய்லர் 63 புள்ளிகள் எடுத்தார். இரண்டில் ஒன்றை மட்டுமே பார்க்க வாய்ப்புத் தந்தால், ஹெர்ஷியை விட்டுவிட்டு டிசம்பர் 8க்குத்தான் நான் நுழைவுச்சீட்டு வாங்குவேன்.

ஹெர்ஷி ஆட்டத்தைப் பற்றி இன்னொன்று. வாரியர்ஸின் அல் ஆட்டில்ஸ் அன்று எறிந்த எட்டு எறிகளும் கூடையில் விழுந்தன. அப்பழுக்கில்லாத ஆட்டம், ஆனால் அவரை யார் நினைக்கிறார்கள்?

கேள்வி: அப்போது மூன்று புள்ளிக் கோடு இருந்ததா?

என்.பி.ஏ.வில் இல்லை, 1979–80இல்தான் வந்தது. அதே 1961இல் ஏப் சாப்பர்ஸ்டீன் தொடங்கிய அமெரிக்கக் கூடைப்பந்து லீகில் அந்தக் கோடு இருந்தது; ஆனால் அந்த லீக் இரண்டாம் பருவத்தின் நடுவிலேயே மூடப்பட்டுவிட்டது.

கேள்வி: 50.4 சராசரி வைத்திருந்தவருக்கு அந்த ஆண்டின் மிகச்சிறந்த வீரர் விருது கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இது அநீதி அல்லவா?

விருது பெற்றவர் பாஸ்டன் செல்டிக்ஸின் சென்டர் பில் ரஸ்ஸல். அவருடைய சராசரி 18.9 புள்ளிகள், 23.6 ரீபவுண்டுகள். எண்களை மட்டும் அருகருகே வைத்தால் அநீதி போலத்தான் தோன்றும். ஆனால் அந்நாளில் அவ்விருதுக்கு வாக்களித்தவர்கள் வீரர்களே. 1980 வரை அந்த வழக்கம் நீடித்தது. பருவத்தின் மிகச்சிறந்த ஐவர் அணியைத் தேர்ந்தவர்களோ பத்திரிகையாளர்கள். அவர்கள் சேம்பர்லெயினை முதல் அணியிலும் ரஸ்ஸலை இரண்டாம் அணியிலும் வைத்தார்கள். ஆக, ஒரே ஆண்டில் ஒருவர் லீகின் மிகச்சிறந்த வீரராகவும், தம் இடத்துக்கான வீரர்களில் இரண்டாமவராகவும் அறிவிக்கப்பட்டார்.

இந்த முரணை நகைத்து ஒதுக்குவதைவிட, இரு தரப்பாரும் எங்கிருந்து பார்த்தார்கள் என்று யோசிப்பதே பயனுள்ளது. எழுதுகிறவர்களின் கையில் ஆட்டக்குறிப்பு இருந்தது. அதில் புள்ளியும் ரீபவுண்டும் இருந்தனவே தவிர, எதிரியின் எறியைத் தடுத்த எண்ணிக்கையே இல்லை; என்.பி.ஏ. அதைப் பதிவுசெய்யத் தொடங்கியது 1973–74இல்தான். அதாவது ரஸ்ஸலின் தலையாய திறமைக்கு அந்தக் குறிப்பில் இடமே ஒதுக்கப்படவில்லை. வீரர்களோ அவருடைய கைக்கு எதிரே எறிந்து பார்த்தவர்கள். அந்தப் பருவத்தில் செல்டிக்ஸ் 60 ஆட்டங்களில் வென்றது, என்.பி.ஏ. வரலாற்றில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் அணி அதுவே. அதில் மிக அதிகப் புள்ளிச் சராசரி கொண்டிருந்த டாம் ஹெய்ன்சனே 22ஐச் சற்றுத்தான் தாண்டினார். வாரியர்ஸ் பெற்ற வெற்றிகள் 49. நான் அன்று வாக்களித்திருந்தால் தயங்கித்தான் இருப்பேன். ஆனால் வீரர்களின் பக்கமே சாய்ந்திருப்பேன்.

கிழக்குப் பிரிவு இறுதியில் இவ்விருவரும் நேருக்கு நேர் மோதியபோது ஆறு ஆட்டங்களில் ஆளுக்கு மூன்று வெற்றி. ஏழாவது ஆட்டத்தில் ரஸ்ஸல் சேம்பர்லெயினை 22 புள்ளிகளில் நிறுத்திவைத்தார். 107–107 என்று இருந்த நிலையில், இரண்டு விநாடி எஞ்சியிருக்க, சாம் ஜோன்ஸ் எறிந்த பந்து சேம்பர்லெயினின் நீட்டிய கையைத் தாண்டிக் கூடையில் விழுந்தது.

கேள்வி: ஆஸ்கர் ராபர்ட்சன் ஒரு பருவம் முழுவதும் ட்ரிபிள் டபுள் சராசரி வைத்திருந்தது இதே ஆண்டா?

ஆம். சின்சினாட்டி ராயல்ஸுக்காகத் தம் இரண்டாவது பருவத்தை ஆடிய அவர், 30.8 புள்ளிகள், 12.5 ரீபவுண்டுகள், 11.4 அசிஸ்ட்கள் (தோழர் கூடை போட வழிசெய்யும் பந்துக் கடத்தல்கள்) என்ற சராசரியைப் பெற்றார். அன்று அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்தச் சொல்லே பிறக்கவில்லை. மூன்று துறைகளில் இரட்டை இலக்கத்தைத் தொடுவதற்கு ஒரு பெயர் வழங்கத் தொடங்கியபின், பழைய ஏடுகளைப் புரட்டி அந்தப் பருவத்தில் அவர் 41 முறை அதைச் செய்திருக்கிறார் என்று எண்ணிச் சொன்னார்கள். 2016–17இல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் 42 முறை செய்து அதைக் கடக்கும்வரை, பருவச் சராசரியில் அவருக்கு இணையாக வேறொருவர் வரவில்லை. முன்னே சொன்ன ரீபவுண்ட் தள்ளுபடி இவருக்கும் பொருந்தும். ஆனால் கடத்திக் கொடுத்த பந்தை அசிஸ்ட் என்று எழுத அன்றைய குறிப்பாளர்கள் இன்றுள்ளவர்களைவிடக் கஞ்சத்தனம் காட்டினார்கள். ஆகவே ஒரு பக்கம் குறைப்பதை மறுபக்கம் கூட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: சிகாகோவில் அந்த ஆண்டு புதிய அணி ஒன்று சேர்ந்ததாமே?

சிகாகோ பேக்கர்ஸ், லீகின் ஒன்பதாவது அணி. 18 வெற்றி, 62 தோல்வி. ஆனால் அதன் புதுமுகச் சென்டர் வால்ட் பெல்லமி 31.6 புள்ளிகளும் 19 ரீபவுண்டுகளும் சராசரியாக எடுத்தார். அந்த அணி பெயரும் ஊரும் மாறி மாறி இன்று வாஷிங்டன் விசார்ட்ஸ் என்று வழங்குகிறது.

கேள்வி: எல்ஜின் பெய்லர் ராணுவத்தில் இருந்துகொண்டே ஆடினார் என்பது மிகையா?

மிகையில்லை. ரிசர்வ் படைப் பணிக்கு அழைக்கப்பட்டு வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஃபோர்ட் லூயிஸ் முகாமில் இருந்த அவர், விடுப்புக் கிடைத்தபோதெல்லாம், பெரும்பாலும் வார இறுதிகளில், விமானமேறி வந்து லேக்கர்ஸுக்காக ஆடிவிட்டுத் திரும்பினார். அணியுடன் முறையாகப் பயிற்சி செய்ய வழியில்லை. 48 ஆட்டங்களில் மட்டுமே ஆட முடிந்தது. சராசரி 38.3. சேம்பர்லெயின் என்றொருவர் இல்லாதிருந்தால், அந்தப் பருவத்தையே இன்று பெய்லரின் பெயரால் நாம் அழைத்துக்கொண்டிருப்போம்.

கேள்வி: கறுப்பின வீரர்கள் ஆட மறுத்த ஒரு சம்பவம் இதே பருவத்தைச் சேர்ந்ததா?

பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, 1961 அக்டோபரில் நடந்தது. கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் செல்டிக்ஸும் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸும் மோதும், பருவக் கணக்கில் சேராத காட்சி ஆட்டம் ஒன்று ஏற்பாடாகியிருந்தது. தங்கியிருந்த விடுதியின் உணவகத்தில் சாம் ஜோன்ஸுக்கும் சாட்ச் சாண்டர்ஸுக்கும் உணவு பரிமாற மறுத்தார்கள். ரஸ்ஸலும் மற்றக் கறுப்பின வீரர்களும் ஆட மாட்டோம் என்று முடிவெடுத்து ஊர் திரும்பினார்கள். ஹாக்ஸின் கறுப்பின வீரர்களும் விலகினார்கள். ஆட்டத்தை இரு அணிகளின் வெள்ளையர்களே ஆடி முடித்தார்கள். அடுத்த கோடையில் லீகின் மிகச்சிறந்த வீரராக அறியப்படவிருந்தவருக்கு, அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் கிடைத்த வரவேற்பு அது.

கேள்வி: இறுதிச்சுற்றில் ஃபிராங்க் செல்வி தவறவிட்ட எறியைப் பற்றி விரிவாகச் சொல்ல முடியுமா?

சொல்லத்தான் வேண்டும்; அதுவரை வந்த இறுதிச்சுற்றுகளில் இதைவிட மனத்தை அலைக்கழித்த ஒன்றை நான் அறியேன். செல்டிக்ஸும் லேக்கர்ஸும் மோதின. மூன்றாவது ஆட்டத்தில், சமநிலையில் இருந்தபோது, பாப் கூசிக்கு வந்த பந்தை ஜெர்ரி வெஸ்ட் இடையில் பறித்து ஓடி, நேரம் முடியும் நொடியில் கூடையில் போட்டு 117–115 என்று வென்றார். ஐந்தாவது ஆட்டத்தில், பாஸ்டனிலேயே, பெய்லர் 61 புள்ளிகளும் 22 ரீபவுண்டுகளும் எடுத்தார். இறுதிச்சுற்று ஆட்டம் ஒன்றில் அந்தப் புள்ளிக்கணக்கை இதுவரை யாரும் தாண்டியதில்லை.

ஏழாவது ஆட்டம் ஏப்ரல் 18ஆம் நாள் பாஸ்டன் கார்டனில் நடந்தது. கடைசி நிமிடத்தில் லேக்கர்ஸ் நான்கு புள்ளிகள் பின்தங்கியிருந்தது. செல்வி அடுத்தடுத்து இரண்டு கூடைகள் போட்டு 100–100 என்று சமன் செய்தார். ஐந்து விநாடி எஞ்சியிருந்தபோது பந்து லேக்கர்ஸிடம் இருந்தது. பெய்லரையும் வெஸ்டையும் செல்டிக்ஸ் இறுக்கிப் பிடித்திருக்க, ராட் ஹண்ட்லி பந்தை இடப்பக்கம் காவலின்றி நின்ற செல்வியிடம் தள்ளினார். கூசி விரைந்து வந்தார். செல்வி எறிந்தார். பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்க, ரஸ்ஸல் அதை இரு கைகளாலும் பற்றி அணைத்துக்கொண்டார்.

கூடுதல் நேரத்தில் செல்டிக்ஸ் 110–107 என்று வென்று, தொடர்ச்சியாக நான்காவது முறை கோப்பையை எடுத்தது. பெய்லரைக் காக்க நிறுத்தியவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஆறு ஃபவுல்களை எட்டி வெளியேற, வழக்கமாக மாற்று இருக்கையிலேயே அமர்ந்திருக்கும் ஜீன் குவாரிலியாவிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டிய நிலை பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக்குக்கு ஏற்பட்டது. ரஸ்ஸல் 30 புள்ளிகளும் 40 ரீபவுண்டுகளும் எடுத்தார். ஃப்ரீ த்ரோவில் சராசரிக்கும் குறைந்த ஆட்டக்காரரான அவர் அன்று 17க்கு 14 போட்டார்.

செல்விக்குப் பொதுவாக அனுதாபம் காட்டுவதே வழக்கம். எனக்கோ அவர்மீது மதிப்பு மிகுதி. அவர் போட்ட முந்தைய இரண்டு கூடைகள் இல்லையென்றால் அந்தக் கடைசி எறியே இருந்திருக்காது. இன்னொன்றும் உண்டு: 1954இல் ஃபர்மன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியபோது ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தவர் இதே செல்விதான். நூறு என்ற எண்ணால் நினைக்கப்படும் ஒரு பருவத்தை, கல்லூரிக் காலத்தில் நூறு எடுத்த ஒருவரின் தவறிய எறி முடித்துவைத்தது. லேக்கர்ஸ் லாஸ் ஏஞ்சலஸுக்கு முதல் கோப்பையைக் கொண்டுவர 1972 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்று அந்த அணியில் வெஸ்டுடன் நின்றவர்களில் ஒருவர் சேம்பர்லெயின்.

கேள்வி: 48 நிமிட ஆட்டத்தில் 48.5 நிமிடச் சராசரி எப்படி வரும்? அவர் ஓய்வே எடுக்கவில்லையா?

கூடுதல் நேரங்கள் சேர்வதால் வருகிறது. 80 ஆட்டங்களுக்கு 3,840 நிமிடம். வாரியர்ஸ் அந்தப் பருவத்தில் ஐந்து நிமிடக் கூடுதல் நேரங்கள் பத்து ஆடியது. அவை 50 நிமிடம். மொத்தம் 3,890. சேம்பர்லெயினின் கணக்கில் இருப்பது 3,882.

இந்தப் பருவத்தின் எல்லா எண்களையும் ஒரு தட்டில் வைத்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் நான் எடுப்பது இதைத்தான். நூறு புள்ளி என்பது ஒரு மாலைப்பொழுதின் செயல். நலிந்த எதிரணியும் ஒத்துழைத்த தோழர்களும் அதில் பங்காளிகள். ஆனால் ஏழடி உயரமுள்ள ஒருவர், ஒவ்வோர் இரவும் இரண்டு மூன்று பேரின் முழங்கைகளைத் தாங்கியபடி, ஊர் ஊராகப் பயணம் செய்துகொண்டு 79 ஆட்டங்களில் ஒரு நொடிகூட வெளியே அமராமல் ஆடியதற்கு யாருடைய ஒத்துழைப்பும் காரணமில்லை. விடுபட்ட அந்த எட்டுச் சொச்சம் நிமிடங்களுக்கும் களைப்போ காயமோ காரணமில்லை. ஜனவரியில் லேக்கர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் நடுவருடன் வாக்குவாதம் செய்ததற்காக அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்.